பின்சுவரில் மூன்றடி

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். அம்மா தூங்கியாச்சு.

இன்று அப்பா புது வெல்டிங் பட்டறைக்குக் கோடு போட்டார். அப்பா காகிதத்தில் வரைய மாட்டார். எரிந்த பட்டறையை இடித்துத் தள்ளிய பிறகு மிச்சம் இருக்கிற பழைய சிமென்ட் தரையிலேயே சாக்பீஸால், முழு அளவில் போடுவார். "காகிதத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும். நடந்து பாத்தாத்தான் தெரியும்." டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன்.

சித்தப்பா லேத்துக்குப் போட்ட கட்டத்துக்குள் நின்று, இல்லாத லேத்தை ஓட்டிக் காட்டினார். திடீரென்று "ஆ!" என்று முதுகைத் தேய்த்துக்கொண்டார். "சுவர் இடிக்குதுண்ணா. ரெண்டடி தள்ளு." அப்பா சிரித்தபடி அழித்துப் போட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார். கூரை பதினெட்டு அடி. உச்சியில் புகை போக நீளமாக ஓர் இடைவெளி. இருபதடிக் குழாய்களை வளைத்துத் திருப்பாமல் நேராக உள்ளே தள்ள, பக்கச் சுவர் ஓரமாக அடுக்கு. பெயிண்ட் அடிக்கும் இடம் மட்டும் பழையபடி முன்ஷட்டர் பக்கத்தில். அடித்த இரும்பு கேட்டை அப்படியே வண்டியில் ஏற்றிவிடலாமாம்.

பின்சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே கோடு.

"பின்னாடி ஒரு கதவு வேண்டாமாப்பா?"

"எதுக்கு? திருடன் வந்து போறதுக்கா? அங்க வளைக்கிற மிஷின் வருதும்மா."

"ஓவர்சியரம்மா சொன்னா கேக்கணும்ணா," என்றார் சித்தப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

தீப்பிடித்த அன்று நான் உள்ளே இருந்தேன்.

வேலை நேரத்தில் நான் பட்டறைக்குள் போகக் கூடாது, பொறி கண்ணில் பட்டுவிடும் என்று அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். வெல்டிங் வெளிச்சம் பிடிக்கும் என்பதால் அடிக்கடி ஒளிந்து போவேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பின்னால் தகடுகள் அடுக்கிய இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். அன்று கிரைண்டர் பொறி, பெயிண்டில் கலக்கிற தின்னர் டின்னில் விழுந்தது. ஷட்டர் பக்கம் முழுக்க நெருப்பு. எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கத்தினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்று நினைத்தேனா? இருக்கும். எவ்வளவு முட்டாள் நான்.

சித்தப்பா வெளியே என் செருப்பைப் பார்த்திருக்கிறார். நெருப்பைத் தாண்டித் திரும்பி வந்தார். பின்பக்கத் தகரத்தை உதைத்து, கொதிக்கிற விளிம்பைக் கையால் வளைத்து, அந்தச் சந்து வழியே என்னைத் தள்ளினார். தோள் அகலம்கூட இல்லை. "ஓடு. நீ இங்க வரவே இல்ல, சரியா?"

அவரால் அதில் நுழைய முடியாது. அதனால் மறுபடி முன்பக்கமாகவே வெளியே வந்தார், கையில் டிரில் மிஷினோடு. வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. டிரில்லுக்காக உள்ளே போனேன் என்று சொன்னார். எட்டு மாதமாக அப்பா அவரைத் திட்டுகிறார். "ஒரு டிரில்லுக்குக் கையைக் குடுத்த புத்திசாலி!" பட்டறை ஆட்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். சித்தப்பாவும் சிரிப்பார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

தகரம் சூட்டில் தானாகக் கிழிந்தது என்று அப்பா நினைக்கிறார். இனி அங்கே செங்கல் சுவர் வரப்போகிறது. செங்கல்லை யார் உதைப்பது?

ஜூன் 7, சனி

அப்பாவும் சித்தப்பாவும் கூரைக்கு இரும்பு எடுக்க வெளியூர் போயிருக்கிறார்கள். வர இரண்டு நாள்.

நான் செய்துவிட்டேன்.

சாயங்காலம் தரையைக் கூட்டுகிற சாக்கில் போனேன். பின்சுவர்க் கோட்டில் மூன்றடியை ஈரத்துணியால் அழித்தேன். ஆணியில் கயிறு கட்டி, வெளிப்பக்கமாக ஒரு கால்வட்டம் போட்டேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்ட அப்படித்தான் போட வேண்டும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பயந்து ஓடுகிறவன் கதவை இழுத்துக்கொண்டு நிற்க மாட்டான், தள்ளத்தான் பார்ப்பான். அதனால் வெளிப்பக்கம்.

வட்டம் அழகாக வந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

அப்பா வேலை சொல்லிவிட்டுப் போன கொத்தனார் வந்துவிட்டார், கோட்டைப் பார்த்து இடைவெளி விட்டே கட்டுகிறார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

ஜூன் 9, திங்கள்

அப்பா வந்துவிட்டார். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது.

"இது என்னய்யா ஓட்டை?"

"நீங்க போட்ட கோடுதானே."

"நானா? கதவே வேண்டாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். இது என்ன, வானவில்லா?"

"எனக்கென்ன தெரியும்? கோடு சொன்னதைக் கட்டினேன். முப்பது வருஷமா அப்படித்தான் கட்டுறேன்."

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

கொத்தனார் கரண்டியைக் கழுவினார், ரசமட்டத்தைத் துணியில் சுற்றினார், போய்விட்டார். நான் கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வாய் இருந்தது. பேச்சு இல்லை. அன்றைக்கு மாதிரியே.

ஜூன் 10, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

பள்ளிக்கூடம் போகும் வழியில், டீக்கடை பெஞ்சில் கொத்தனார். பக்கத்தில் அந்தத் துணி மூட்டை. "என்ன பாப்பா, பரீட்சையா? முகம் இப்படி இருக்கு?" என்று சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்! எனக்காக ஒருத்தர் கை வெந்துபோய்ச் சிரிக்கிறார், இன்னொருத்தர் வேலை போய்ச் சிரிக்கிறார். போதும்டி. இனிமே முடியாது.

ஓட்டையை அடைக்க வேறு ஆள் வெள்ளிக்கிழமை வருகிறாராம்.

ஜூன் 12, வியாழன்

அப்பா முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. அதனால் அவர் சொல்கிற மாதிரியே சொன்னேன், தரையில்.

பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். யாரும் இல்லை. அந்த நாளை முழு அளவில் வரைந்தேன். தரையில் கருப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது, அதனால் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. இங்கே தின்னர் டின். இங்கே ஷட்டர். வெளியே என் செருப்பு. பின்னால் ஒரு சின்ன வட்டம்: 'நான்'. ஷட்டரிலிருந்து என்னிடம் வர இருபத்திரண்டு அடி, அதில் ஒன்பதாவது அடியில் நெருப்பு. என்னிடமிருந்து பின்சுவருக்கு நான்கு அடி. செருப்பிலிருந்து 'நான்' வரை ஓர் அம்புக்குறி போட்டு, அதன் மேல் எழுதினேன்: 'சித்தப்பா. டிரில்லுக்காக இல்லை.' கால்வட்டத்தின் பக்கத்தில்: 'இதைப் போட்டது நான். கொத்தனார் இல்லை.'

சாப்பிட்டதும் அப்பா டார்ச்சோடு பட்டறைக்குப் போனார், வழக்கம்போல. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். அம்மா பாத்திரம் கழுவுகிறாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

வெளிச்சம் ஷட்டர் பக்கம் நிற்கிறது. நகர்கிறது. அப்பா அடி வைத்து எண்ணுகிறார், குதிகாலில் விரலை ஒட்டி வைத்து. ஒன்பதில் நின்றுவிட்டார்.

ரொம்ப நேரமாக நிற்கிறார்.

இப்போது 'நான்' மேல் நிற்கிறார். இல்லை, உட்கார்ந்துவிட்டார். டார்ச் தரையில் கிடக்கிறது.

சித்தப்பாவைக் கூப்பிடுகிறார். சித்தப்பா ஓடுகிறார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. சித்தப்பா தலையைச் சொறிகிறார். அப்பா அவருடைய வலது கையைப் பிடித்து, சட்டைக்கையை மேலே ஏற்றி, டார்ச் அடித்துப் பார்க்கிறார். விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வெளிச்சம் அணைந்துவிட்டது. இரண்டு பேரும் வருகிறார்கள். வாசல். கூடம்.

கதவைத் தட்டுகிறார்கள்.

"முழிச்சிருக்கன்னு தெரியும்மா. வெளிய வா. கொத்தனார் வீட்டுக்குப் போறோம், நீதான் அவர்கிட்ட சொல்லணும்." அப்பாதான். பிறகு கதவுக்கு இன்னும் பக்கத்தில் வந்து: "கதவு ஏன் வெளிப்பக்கமாத் திறக்குதுன்னு போற வழியில எனக்குச் சொல்லு."

என் செருப்பு எங்கே