காய்ந்த கல் உருகவில்லை

மார்ச் 4, ஸ்கூடாய்
இன்றும் உருகவில்லை. கல்லைப் பொடியாக்கி, சின்னத் தங்கக் குழாயில் அடைத்து, பூமிக்குள் இருபது கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தில், எழுநூறு டிகிரியில் ஒரு வாரம் வேகவைத்தேன். பொடியாகப் போனது பொடியாகவே வந்தது. துளி நீர் இல்லாமலும் இந்தச் சூட்டில் உருகும், பொறுமைதான் வேண்டும் – இதுதான் என் ஆய்வு. கல்லுக்கு என்னைவிடப் பொறுமை.

மார்ச் 9
லோஷினி சிங்கப்பூரில் வேலை முடிந்து வந்ததும், "ஏங்க, உருகிச்சா?" கல்யாணமான புதிதில் ஆர்வமாகக் கேட்பாள். இப்போது குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று விசாரிக்கிற தொனி. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசித் தவணை ஜூன். அதற்கப்புறம் பட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது.

ஏப்ரல் 2
உருகிவிட்டது!
பொடியின் மணிகள் ஒன்றோடொன்று முட்டும் மூலைகளில் மட்டும், உருகி உறைந்த மெல்லிய கண்ணாடி. பாறை அப்படித்தான் தொடங்கும், ஓரங்களில். குடும்பக் குழுவில் நுண்ணோக்கிப் படம் போட்டேன். குளுவாங்கில் இருக்கும் மணியம் மாமா: "வாழ்த்துகள். இது என்ன, எக்ஸ்ரேயா?"

ஏப்ரல் 3
அலமாக், போச்சு. பொடி வைத்த தட்டு ஏர்கான் அடியில் இருந்திருக்கிறது. ஏர்கான் ஒழுகுகிறது. அந்தப் பொடியை நான் உலர்த்தவே இல்லை. ஈரத்தால் உருகியிருக்கிறது.
சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே, சனியன்.

ஏப்ரல் 5
என் வழிகாட்டி டாக்டர் மீனலோசனியிடம் சொல்லிவிட்டேன். படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "ரூபேந்திரன், தண்ணி இருந்தா சீக்கிரம் உருகும்னு புத்தகத்துலயே இருக்கு லா. எவ்வளவு கம்மியா இருந்தாப் போதும்? அதை அளந்து பாருங்க. சொன்னதுக்கு நன்றி."
காரில் அழுதேன். தம்போய் வரை ஜாம். அழுது முடித்தும் ஜாம் முடியவில்லை.

மே 20
அளந்து விட்ட நீர், கண்ணுக்கே தெரியாத அளவு. உருகியது. பக்கத்துக் குழாயில் காய்ந்தது அப்படியே கிடந்தது. நீர் புகுந்து பிணைப்பைத் தளர்த்திவிடுகிறது. குறைந்த சூடே போதுமாகிறது. ஆய்வேட்டில் எழுதியதில் பாதிக்கு மேல் அழித்தேன். அழித்ததில்தான் நல்ல வாக்கியங்கள் இருந்தன.

ஜூன் 28
ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். லோஷினி கோழிக் குழம்பு வைத்தாள். கேள்வி கேட்கவில்லை.

நவம்பர் 11
பட்டமும் வேலையும் கிடைத்து, முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு என் முதல் வகுப்பு. முடிந்ததும் பிரேமலா என்ற மாணவி வந்து தமிழில் கேட்டாள்: "டாக்டர், தண்ணி பட்டா கல்லு சீக்கிரம் உருகும்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?"
"இல்லம்மா," என்றேன். "உலகத்துல எனக்குத்தான் கடைசியா தெரிஞ்சது."