நாலு சீரியல் போர்ட்டும் ஒரு பேக்டரி வேனும்

9 அக்டோபர் 1989, திங்கள்

வந்திருச்சு, நாலு சீரியல் போர்ட் உள்ள கார்டு வந்திருச்சு, குவாலா சிலாங்கூரிலேயே முதல் கார்டு என் கையில்தான்!

டவுனில் கடை வைத்திருக்கும் சீனி முகம்மது பாய் பினாங்கிலிருந்து வரவழைத்தார். அவர் கடைக் கம்ப்யூட்டரில் இதைச் செருகினால், கிள்ளானில் ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட நாலு டெர்மினலையும், வெறும் ஸ்கிரீனும் கீபோர்டும்தான், மாட்டலாம். ஒரே கம்ப்யூட்டர், நாலு பேர் ஒரே நேரத்தில்! கடை மாடியில் கிளாஸ், நான்தான் டீச்சர். போன் லைனில் மோடம் வழியாக, கம்ப்யூட்டர்காரர்கள் எழுதிப்போடும் கே.எல். புல்லட்டின் போர்டில்கூட சொல்லிவிட்டேன்.

இன்று ஆயுத பூஜை. கார்டைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் அரிவாள், மோட்டார்சைக்கிள் சாவி, நடுவில் என் கார்டு. எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தார். நல்ல நேரம் முடிவதற்குள், பூஜைத் தட்டில் வைத்தபடியே கார்டில் ஜம்பர் என்கிற குட்டி மூடியை அஞ்சாம் நம்பர் கம்பிகளில் அழுத்தி மாட்டினேன்.

12 அக்டோபர்

ஓடவில்லை.

14 அக்டோபர்

கடைக் கம்ப்யூட்டரில் நான் போட்டிருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சோர்ஸ் கோடோடு வருவது. அதனால்தான் எனக்கு அதன்மேல் அவ்வளவு பைத்தியம், எதையும் ஒளித்து வைக்காது. திறந்து பார்த்தேன். ரெண்டு போர்ட்டுக்கு மேல் அதற்குத் தெரியவே தெரியாது. நாலையும் நானே எழுதிச் சேர்த்து, மறுபடி கம்பைல் செய்தேன். டெர்மினலில் பச்சைக் கர்சர் மினுங்குது. a அடிச்சா, ஒண்ணுமில்ல.

அப்பா சாப்பிடும்போது சொன்னார்: "தீவாளி வரைக்கும் பாரு. அப்புறம் பேக்டரி வேன் வருது. பக்கத்து வீட்டு லீலாவதியோட நீயும் ஏறிடு."

சுங்கைவே பக்கம், ஹாஸ்டல், மூணு ஷிப்ட். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சிப்புக்குக் கம்பி ஒட்டும் வேலை. கம்ப்யூட்டருக்குள்ள போறத நாள்பூரா செய்யணும், கம்ப்யூட்டர தொடக் கூடாது. எப்படி இருப்பேன்?

19 அக்டோபர்

எழுத்து வந்திருக்கிறதா என்று போர்ட்டைத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிற சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். வந்திருக்கு! a அங்கே உட்கார்ந்திருக்கு! ஆனால் நாமாகப் போய்க் கேட்காவிட்டால் கார்டு வாயே திறப்பதில்லை. எழுத்து வந்ததும் அது கம்ப்யூட்டருக்கு மணி அடிக்க வேண்டும். அதற்குப் பெயர் இன்டரப்ட். விடியற்காலையில் ஆளைத் திரட்டும் பெரட்டு மணி அடிக்காவிட்டால் லயத்தில் யார் எழுந்து வேலைக்குப் போவார்?

மணி ஏன் அடிக்கல? என் கோடா? என் கோடுதான். யாரும் சொல்லித் தராம தானா கத்துக்கிட்டா இப்படித்தான்.

22 அக்டோபர்

புல்லட்டின் போர்டில் ஒருவர் பதில் போட்டிருந்தார். கார்டுக்குள் OUT2 என்று ஒரு பிட், குட்டி ஸ்விட்ச் மாதிரி, உண்டாம், அதை ஒன்று ஆக்கினால்தான் மணிச் சத்தம் வெளியே வருமாம். அதைத்தான் விட்டிருக்கிறேன்! நான் போட்ட கூச்சலில் பாய் மாடிக்கு ஓடி வந்தார்.

"என்ன புள்ள, பாம்பா?"

23 அக்டோபர்

அதுவும் இல்லை. சேர்த்தாச்சு, அப்பவும் இல்லை. பாய் டீ அனுப்பினார். திட்டியிருந்தால் தேவலை.

26 அக்டோபர்

லீலாவதி வந்தாள். நாலு டெர்மினலையும் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, டிவி நாலு இருக்கு, படம் ஒண்ணுலயும் வரலியேலா," என்றாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அழுதேன்.

29 அக்டோபர்

தீபாவளி. அப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டி, என் கட்டில் பக்கத்தில் வைத்தார்.

30 அக்டோபர்

கார்டைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பாயிடம் நானே சொல்லிவிட்டேன். கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்து அட்டைப்பெட்டியில் போடப் போனேன். அம்மா தடுத்தார்.

"பொட்டோட அனுப்பாத. பூஜ போட்ட சாமான கடக்காரன் திருப்பி எடுப்பானா? தொடச்சிட்டு அனுப்பு."

பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து உட்கார்ந்தேன். ஜம்பரைச் சுற்றிச் சந்தனம் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. மூடியைப் பிடுங்கினேன்.

உள்ளேயும் சந்தனம்.

இன்டரப்ட் மணி போற ரெண்டு கம்பியையும் இந்த மூடிதான் தொட்டுச் சேர்க்கணும். தொடவே இல்ல. நடுவுல சந்தனம் உக்காந்திருக்கு. ஈரச் சந்தனத்து மேல மூடிய அழுத்துனது யாரு? நான். நல்ல நேரம் பாத்து, மணிக் கயித்த அறுத்து வச்சிருக்கேன். மூணு வாரமா கோட திட்டியிருக்கேன். பாவம் கோடு.

31 அக்டோபர்

a

a

a

a

நாலிலும்! பாய் ஒற்றை விரலால் SEENI என்று அடித்தார். படித்துப் பார்த்தார். அடுத்த டெர்மினலில் போய் உட்கார்ந்து மறுபடி SEENI அடித்தார். அப்பாவிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

1 நவம்பர்

வேன் வந்தது. லீலாவதி மட்டும் ஏறினாள். ஜன்னலில் தலையை நீட்டி, "லீவுல வருவேன், எனக்கு ஒரு சீட்டு வையிடி," என்றாள். கிண்டல் இல்லை, கண் கலங்கியிருந்தது. வேன் ரோட்டு முனையில் திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன்.

நேற்றே பாய் அப்பாவிடம் பேசிவிட்டார். சாயங்காலம் பார்த்தேன், பெட்டி பரண்மேல் இருந்தது.

புல்லட்டின் போர்டில் இங்கிலீஷில் போட்ட செய்தி, இங்கே என் பாஷையில்: நாலு போர்ட்டும் ஓடுகிறது. நான் மாற்றிய சோர்ஸ் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல வழி தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். தஞ்சோங் காராங், ஜெராம் பக்கம் யாரிடமாவது ஓடாத கார்டு கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், பாய் கடை மாடிக்குக் கொண்டு வாருங்கள். முதலில் ஜம்பரைக் கழற்றிப் பார்ப்போம். படிக்க வருகிறவர்களும் வாருங்கள். மூணு சீட்டு காலி. நாலாவது லீலாவதிக்கு.