அக்காவின் மங்கும் செம்புக் கிண்ணமும்

பாவா,

இன்று காலை என் மருமகள் முகத்துக்குத் தடவ ஒரு குட்டி பாட்டிலைத் திறந்தாள். விட்டமின் சி. தோலுக்குள் இறங்கி வெயிலில் கறுப்பதைத் தடுக்குமாம். முகர்ந்து பார்த்தேன், புளித்த இரும்பு வாசனை. உடனே உங்கள் ஞாபகம். காப்பியே கசந்துவிட்டது.

இதை எழுபதுகளிலேயே கண்டுபிடித்தவன் நான். திருத்தணியில், உங்கள் மருந்துக்கடையின் பின்கட்டில். நறுக்கிய கத்திரிக்காய் காற்றுப் பட்டுக் கறுக்கிறது, நெல்லிச்சாறு தடவியது கறுக்கவில்லை, மனுசத் தோலும் அப்படித்தான் என்று நான் விளக்கியபோது மெட்ராஸ் டாக்டர் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். நீங்கள் மட்டும், அக்கா புருசன், அதிலும் கம்பவுண்டர் என்ற திமிரில், வெற்றிலையை மென்றபடி சொன்னீர்கள்:

"இன்னாடா மச்சான், வெறும் சாறு தோலு மேலயே நின்னுகினு காஞ்சி பூடும். உள்ள எறங்கணும்னா எண்ணெயோட சேக்கணும்டா."

தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, எண்ணெயும் சாறும் பிரியாமலிருக்கச் சிட்டிகை வெண்காரம் போட்டு, என் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு வெண்ணெய் மாதிரி கடைந்தீர்கள். அந்தக் கை மட்டும் நல்ல கை. எதிரியானாலும் சொல்கிறேன்.

எல்லாம் அக்காவுக்காக. கன்னத்தில் கருந்திட்டாக மங்கு படர்ந்ததிலிருந்து, கட்டிய மனைவியை ஒரு கல்யாணத்துக்கும் நீங்கள் கூட்டிப்போகவில்லை. "மூஞ்சி தெளியலன்னா உங்கக்காவ ஆர்.கே.பேட்டைக்கே இட்டுகினு போயிடு" என்று என்னிடமே சொன்னீர்கள்.

முதல் சரக்கை முருகன் காலடியில் வைக்காமல் தொடக்கூடாது என்றீர்கள். சரி. சாமிக்குச் செம்புதான் சுத்தம் என்று, ஈயம் பூசாத செம்புக் கிண்ணத்தில் வழித்து எடுத்துப் போனீர்களே, புளிப்பைச் செம்பில் வைப்பவனெல்லாம் கம்பவுண்டரா? கிருத்திகைக் கூட்டத்தில் பகலெல்லாம் மலைமேல் இருந்த பசை, இறங்கி வரும்போது பச்சையும் பழுப்புமாகத் திரிந்திருந்தது.

அக்கா பின்வாங்கினாள். "வாணாங்க, கெட்டுப்போச்சு போல கீது."

"சாமி பிரசாதம்டி. அது எப்டி கெடும்?"

நீங்களே தடவினீர்கள். மறுநாள் கன்னம் கொப்பளித்தது. ஆறியபோது மங்கு இருந்த இடம் கரியாகிவிட்டது. "மச்சான் பார்முலாதான் தப்பு" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தீர்கள். அக்கா ஒரே பையோடு ஆர்.கே.பேட்டைக்கு, என் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் கூப்பிட வரவில்லை. வந்திருந்தால் காலை ஒடித்து அதே மருந்துக்கடையில் கட்டுப் போட வைத்திருப்பேன்.

போன மாதம் நீங்கள் செத்துப்போன சேதி வந்தது. நான்தான் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அவரு மூஞ்சி எப்டிடா இருந்துச்சு?"

வற்றி, கறுத்து, அடையாளமே தெரியாமல் கிடந்தீர்கள். அதை அவளிடம் சொல்ல எத்தனை வருசம் காத்திருந்தேன் பாவா! நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தூங்கற மாதிரிதான்க்கா. மாப்பிள்ள களை அப்டியே இருந்துச்சு."

"ஆங்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

நம்பிவிட்டாள். தினமும் கேட்கிறாள். நானும் தினமும் உங்களை இன்னும் கொஞ்சம் அழகாக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. எனக்கு இப்படி ஒரு வேலை வைத்துவிட்டுப் போனதற்காகவும் உங்களை மன்னிக்கமாட்டேன்.