மழைக்குப் பின் காணாமற்போன கப்பல்

ஜாவாத் தீவின் பத்தாவியா, ஐப்பசி மாதம்.

அன்புள்ள குப்பம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் அங்கமுத்து எழுதிக்கொள்வது. நான் இங்கே கப்பல் செப்பனிடும் துறையில் தச்சு வேலை செய்துகொண்டு சுகமாக இருக்கிறேன். நீயும் பாப்பாவும் நைனாவும் சுகம்தானே?

பழவேற்காட்டிலிருந்து சேர்ந்து புறப்பட்ட இரண்டு கப்பல்களில் ஒன்றுதான் நேற்று வந்தது. நடுக்கடலில் இரண்டுக்கும் இடையே பெருமழை இறங்கியதாம். மழை விட்டுப் பார்த்தால் மற்றதைக் காணவில்லையாம். ஒரு பலகைகூட மிதக்கவில்லை. வெடிமருந்து பற்றிக்கொண்டது என்கிறான் ஒருவன். அப்படியானால் சத்தம் கேட்டிருக்காதா? அடிப்பலகை உளுத்திருக்கும் என்கிறார் மேஸ்திரி. கொள்ளைக்காரர்கள் பிடித்திருப்பார்கள் என்றும் பேசுகிறார்கள். வழி தவறி வேறு கரையில் ஒதுங்கியிருக்கும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ பயப்படாதே. இந்த முறை பாப்பாவோடு கப்பலேறி வந்துவிடு என்று சொல்லியனுப்பியிருந்தேனே, அதனால்தான் இதை எழுதுகிறேன். வந்த கப்பலில் நீ இல்லை. அதில் வேலை செய்யும் மாசிலாமணியை விசாரித்தேன். "கைக்குழந்தையோட ஒரு பொண்ணு அந்தக் காணாப்போன கப்பலாண்ட படகுல வந்துச்சுண்ணா. ஏறிச்சா, அழுதுகினே திரும்பிடுச்சான்னு நான் பாக்கல" என்றான். உளியைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை. பாப்பாவுக்குப் பல் முளைத்ததா?

பழவேற்காட்டுக்குத் திரும்பும் வேறொரு கப்பலுக்குப் பாய் ஏற்றுகிறார்கள், முடிக்கிறேன். உனக்காகக் கடிதம் எழுதித் தரும் நைனா, என் மனம் நோகுமென்று உன் பேரில் தானாக ஏதாவது எழுதிவிட வேண்டாம். நீ சொல்லச் சொல்ல எழுதட்டும். அந்தக் கப்பலில் ஏறவில்லை என்று சொல், குப்பம்மா.

அங்கமுத்து