முதல் வேலையாகப் பூட்டை மாற்றுங்கள்

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டுச் சொந்தக்காரர் உங்கள் கண்ணாடிக் கடை விலாசத்தைக் கொடுத்தார். நீங்கள் குடிவரப் போகும் வீட்டில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவள் நான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். யாரைப் பார்த்தாலும் நாலு வார்த்தை சொல்லியே பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரியில் ஏற்றும் முன் பீரோவை அளந்துவிடுங்கள். மாடிப்படித் திருப்பம் ரொம்பக் குறுகல். மருந்து, சான்றிதழ், ஒரு மாற்றுத்துணி எல்லாம் ஒரே பையில் உங்கள் கையோடு வரட்டும். லாரியில் போட்டால் வேண்டும்போது கிடைக்காது. குளியலறைக் குழாயை இடப்பக்கம் திருகினால்தான் மூடும். முதல் வேலையாகப் பூட்டை மாற்றுங்கள். வீடு பார்க்க வந்தவன், வெள்ளையடிக்க வந்தவன் என்று யார் யார் கையில் சாவி இருக்கிறதோ! உங்களுக்குப் பெண் குழந்தை இருப்பதாகச் சொந்தக்காரர் சொன்னார்.

சமையலறை ஜன்னல் கட்டையில் வட்ட வட்டமாகக் கறை இருக்கும். தேய்த்துக் கை வலிக்க வேண்டாம், போகாது. என் மகன் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி அங்கேதான் கவிழ்ப்பான். எத்தனை திட்டியும் கேட்டதில்லை.

அவனைப் பற்றித்தான் ஒன்று கேட்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு போனவன். ‘இனி இந்தப் படி ஏறாதே’ என்று சொன்னது நான்தான். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நான் மகளோடு வந்துவிட்டது அவனுக்கும் தெரியாது. கடிதம் போட்டால் தபால்காரர் இங்கே திருப்பிவிடுவார். ஆளே வந்தால் யார் திருப்புவது? வலது புருவத்தில் தழும்பு இருக்கும். வந்தால் இந்த விலாசத்தைக் கொடுங்கள், தம்பி. வேறொன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
அந்த வீட்டில் இருந்த அக்கா

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊர் ஜன்னலையெல்லாம் அளக்கிறவன் சொந்தப் பீரோவை அளக்காமல் விட்டேன். அரை நாள் படியிலேயே நின்றது. காலைக் கழற்றித்தான் ஏற்றினோம். மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடிதான். பூட்டை வந்த அன்றைக்கே மாற்றினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்றுதான் நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். வியாழக்கிழமை பகலில் நாங்கள் வேலைக்குப் போயிருந்தோம், மகள் பள்ளியில். யாரோ வந்து பூட்டைத் திறக்கப் பார்த்திருக்கிறார். பார்த்தது மேல்வீட்டு அம்மா. அவரும் புதிதாக வந்தவர்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“திருடன்னுதான் மொதல்ல நெனச்சேன். திருடன் அப்படி நிக்க மாட்டான் தம்பி. சாவியப் போட்டுப் போட்டுப் பாத்தாரு. அப்புறம் பூட்டக் கையில புடிச்சிக்கிட்டு சும்மா நின்னாரு. நான் கீழ எறங்கி வர்றதுக்குள்ள போயிட்டாரு.”

முகம் சரியாகத் தெரியவில்லையாம். கேள்விப்பட்டதும் பஸ் நிலையம்வரை போய்த் தேடினேன். மன்னித்துவிடுங்கள், அக்கா.

தம்பி

ஜூலை 17

தம்பிக்கு,

அவன்தான். துணிமணியைக்கூட விட்டுவிட்டுப் போனவன் சாவியை மட்டும் கொண்டுபோனான். அதை நினைத்துத்தான் ஆறு வருஷம் நாளை ஓட்டினேன். பூட்டு இறுகிப்போனபோதும் எண்ணெய் விட்டேனே தவிர மாற்றவில்லை. உங்களிடம் மாற்றச் சொன்னபோது, வந்தால் கதவைத் தட்டுவான், நீங்கள் திறப்பீர்கள் என்று நினைத்தேன். தன் வீட்டுக்கு வருகிறவன் எதற்குத் தட்டுவான்? தன்னை உள்ளே விடக் கூடாதென்றுதான் அம்மா பூட்டை மாற்றிவிட்டாள் என்று நினைத்துப் போயிருப்பான். என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள்மேல் தப்பே இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை, எழுதிவிடுகிறேன். பீரோவை அளக்கச் சொன்னேன், விட்டுவிட்டீர்கள். இதையும் விட்டிருக்கக் கூடாதா?

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்டது நியாயம்தான். பழைய பூட்டைத் தூக்கிப் போட மனசில்லாமல் ஆணி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இன்று காலை எண்ணெய் விட்டு அதையே மாட்டிவிட்டோம். சாவி இல்லாமல் அமுக்கினாலே இன்னும் நன்றாகப் பூட்டிக்கொள்கிறது. வீட்டில் இருக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது, வெளியே போகும்போதுதானே பூட்டு. மனைவியிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “நம்ம வீட்ல இருக்குற நாலு பாத்திரத்துக்காகவா அந்தப் புள்ள வருது? போடு” என்றாள்.

உங்கள் விலாசத்தை மகள் கொட்டை எழுத்தில் எழுதி, மேஜைமேல் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

தம்பி

ஜூலை 30

தம்பிக்கு,

அதைக் கழற்றிவிடுங்கள். யார் கையில் சாவி இருக்கிறதோ என்று அன்றைக்கு நான் எழுதியது இன்றைக்கும் உண்மைதான். என் பிள்ளைக்காக உங்கள் வீட்டைத் திறந்துபோட வேண்டாம். கோபத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள். அவன் இனி வரமாட்டான். ஒருதடவை வந்தானே, அதுவே போதும்.

குழந்தைக்கு என் முத்தங்கள்.

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பேச்சை மீறிவிட்டேன். பூட்டைக் கழற்றவில்லை. அதனால்தான் இத்தனை நாள் பதில் எழுதாமல் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று சாயங்காலம் வந்தபோது பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. உள்ளே ஒரு சாமான் நகரவில்லை. மகள்தான் உப்பு ஜாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காகிதத்தைக் காணோம் என்றாள். அந்த இடத்தில் பழைய சாவி ஒன்று இருந்தது. எங்களுடையது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

சமையலறைக்குப் போனேன். ஜன்னல் கட்டையில் எங்கள் டம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன், அடியில் ஈரம் இன்னும் காயவில்லை. அதை அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். மனைவி அழுதுவிட்டாள்.

கடிதத்துக்கு முன்னால் அவரே வந்துவிடலாம். எனக்கு நீங்கள் எத்தனையோ சொன்னீர்கள், நான் உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். வாசலில் வந்து நின்றால், அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். படி ஏறி வா என்று நீங்கள் முதலில் சொல்லிவிடுங்கள், அக்கா.

உங்கள் தம்பி