கொத்து பரோட்டா என்ற பெயரில் விளையாடிய என் அண்ணிக்கு

கோபமே வராத என் கோமதி அண்ணிக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. தமிழ்ச் சங்க மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "அமைதியானவங்க, நல்லா சமைப்பாங்க, அந்த மாதிரி எழுதுங்க போதும்" என்றார் செயலாளர். உட்கார்ந்து பார்த்தேன், கை ஓடவில்லை. பதினாறு வருஷம் உங்கள் நாத்தனாராக இருந்துவிட்டு, உங்களை நான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது உங்கள் இறுதிச் சடங்கில்தான். அதை எப்படி அண்ணி ஒரு பக்கத்துக்குள் அடக்குவது?

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங்கில் தலைவலி என்று மேஜையில் தலை சாய்த்தீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இங்கே டெக்சாஸில், ரவுண்ட் ராக் ஃப்யூனரல் ஹோமில் உங்களை அந்த மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் படுக்க வைத்திருந்தோம். ஐயர் இன்னும் வரவில்லை. அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு அவர்கள் வந்தார்கள்.

இருபது பேர் இருக்கும். எல்லாரும் சிவப்பு டி-ஷர்ட், நெஞ்சில் ஒரு எறும்புப் படம். ஒருத்திக்கு நீலத் தலைமுடி, ஒருத்தி காலில் மாவுக்கட்டோடு கட்டையை ஊன்றி வந்தாள். கையெல்லாம் பச்சை குத்தியவர்கள். நம் ஆட்கள் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஹால் மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்து நான்தான் எதிரே போனேன். முன்னால் நின்ற நரைத்தலை அம்மா ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "நாங்க கொத்து பரோட்டாவைப் பாக்க வந்திருக்கோம்."

சாப்பாடு கேட்கிறார் என்றே நினைத்தேன் அண்ணி. உங்கள் மகள் நிலா என்னைத் தாண்டி ஓடிப்போய் அவர் தோளில் விழுந்து அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தை, இட்ஸ் ஓகே. தே ஆர் அம்மாஸ் டீம்" என்றாள்.

என்ன டீம்? யாருடைய அம்மா? அண்ணனைப் பார்த்தேன். அவன் எழுந்து போய் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பதினைந்து வயது நிலாவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

மாவுக்கட்டுப் பெண் உங்கள் அருகே குனிந்தபோது அவள் முழங்கைக்கு மேலே ஒரு காயம் கண்ணில் பட்டது. கத்திரிக்காய் நிறத்தில், ஓரம் மஞ்சளாக. அதே இடம், அதே நிறம். அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டேன். துக்கத்தில் தலை சுற்றுகிறது என்று யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். துக்கம் இல்லை அண்ணி அது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்கில், மேல் தட்டிலிருந்து பாத்திரம் எடுக்கக் கையைத் தூக்கினீர்கள். ரவிக்கையின் கை ஓரத்துக்குக் கீழே அந்தக் காயத்தைப் பார்த்தேன். அடுத்த மாதம் தோள்பட்டையில் ஒன்று. டெக்சாஸின் ஆகஸ்ட் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். ஒருமுறை உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தீர்கள். நான் முடிவுக்கு வந்துவிட்டேன். என் அண்ணன் உங்களை அடிக்கிறான்.

முடிவுக்கு வந்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. அண்ணன் குடும்பம் உடைந்துவிடுமோ, ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்குவாரோ, க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிற நேரத்தில் போலீஸ் கேஸ் என்று ஏதாவது வந்தால் என்ன ஆகும். இப்படி ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிடுவேன்.

சடங்கு முடிந்த மறுவாரம் நிலாதான் என்னை அந்த ஸ்கேட்டிங் ரிங்க்குக்குக் கூட்டிப்போனாள். நரைத்தலை அம்மாவின் பெயர் டெனிஸ், ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர் என்று அங்கேதான் தெரிந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாம் சொன்னார். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேனே.

டெனிஸும் ஒரு நர்ஸும் ஒரு லைப்ரரிக்காரம்மாவும் சேர்ந்து, மூடிக்கிடந்த ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பார்க்கிங் லாட்டில் சாக்பீஸால் நீள்வட்டம் வரைந்து ஆரம்பித்ததாம் இந்த ரோலர் டெர்பி. ஸ்கேட்ஸ் கட்டிய இரண்டு அணிகள் வட்டத்தைச் சுற்றும். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவள் எதிரணியைக் கடந்து போகவேண்டும், மற்றவர்கள் தோளாலும் இடுப்பாலும் மோதித் தடுக்கவேண்டும். பிறகு ரிங்க் கிடைத்தது. சிவப்பில் எறும்புப் படம் போட்ட உங்கள் ஃபயர் ஆன்ட்ஸ், கறுப்பில் லைப்ரேரியன்ஸ் என்று இரண்டு அணி ஆனது. லைப்ரேரியன்ஸில் யார் கேப்டன் என்று சண்டை வந்து பாதிப் பேர் பிரிந்துபோய் பேட் பேபிசிட்டர்ஸ் என்று மூன்றாவது அணி தொடங்கினார்களாம். ஒரு சீசன் முழுக்க இரண்டு அணியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோவிட்டில் ரிங்க் மூடியபோது எல்லாரும் பழைய பார்க்கிங் லாட்டுக்கே திரும்பி, மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி ஸ்கேட் பண்ணினார்களாம். அங்கேதான் சமாதானம் ஆனதாம்.

நீங்கள் முதலில் வந்தது அந்த ரிங்க்கில் நடந்த ஒரு பர்த்டே பார்ட்டிக்கு. நிலாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவர்கள் பிராக்டிஸ் செய்வதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றீர்களாம். "வர்றியா?" என்று கேட்டிருக்கிறார் டெனிஸ். "எனக்கு ஸ்கேட்டிங் தெரியாதே." "இங்க யாருக்குமே தெரியாமத்தான் வந்தோம்." அடுத்த ஞாயிறு நிலாவின் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறீர்கள். ஆட்டத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயராம், நீங்கள் வைத்துக்கொண்டது கொத்து பரோட்டா. எனக்கும் சங்கத்து ஆட்களுக்கும் நீங்கள் சொன்னது ஞாயிற்றுக்கிழமை யோகா கிளாஸ்.

டெனிஸ் அடுத்து இன்னொன்று சொன்னார். ஒரு பெண், பெயர் சொல்லவில்லை, வீட்டில் வாங்கிய அடியை டெர்பிக் காயம் என்று சொல்லி ஒரு வருஷம் மறைத்திருக்கிறாள். எல்லார் உடம்பிலும் காயம் இருக்கும் இடத்தில் யாருக்குச் சந்தேகம் வரும்? கண்டுபிடித்தது நீங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பிராக்டிஸிலும் புதிய காயத்தோடு வருகிற ஒவ்வொருத்தியையும் பெஞ்சில் தனியாக உட்கார வைத்துக் கேட்பீர்களாம்: "இது இங்க பட்டதா, வீட்ல பட்டதா?"

சிரித்துவிட்டுப் போகிறவர்கள் போவார்கள். இரண்டு பேர் போகவில்லையாம், வீட்டில் பட்டது என்றார்களாம். அந்த இரண்டு பேரும் அன்று உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

உங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், நான் நினைத்திருந்ததை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கிச்சனில் அரிசி களைந்துகொண்டிருந்தான்.

"எத்தனை வருஷமா அப்படி நெனச்சே?"

"ஆறு."

குழாயை மூடினான். "நான் அவளை அடிக்கிறேன்னு நெனச்சுகிட்டுத்தான் ஆறு வருஷம் எங்க வீட்ல சாப்ட்டிருக்கே."

களைந்த அரிசியை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"என்னை நெனச்சதுகூடப் பரவால்ல உமா. அடி வாங்குறான்னு நெனச்சியே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன், வெட்கம் கெட்டுப்போய். ஜூலை நாலு சுதந்திர தினப் பரேடில் ஸ்கேட்ஸ் கட்டிய பெண்கள் போனபோது, "இதுங்களை வீட்ல கேக்க ஆளே இல்லையா?" என்று நான் சொன்னேனாம். பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்களாம். அன்று ராத்திரி அவனிடம், "உமாவுக்குத் தெரிய வேணாங்க" என்று மட்டும் சொன்னீர்களாம். எனக்கு அந்த பரேடே ஞாபகம் இல்லை அண்ணி.

அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. போன ஞாயிறு சீசனின் முதல் ஆட்டம். மூன்று அணிகளும் வரிசையாக ஒரு சுற்று மெதுவாக வந்தார்கள், நடுவில் ஒரு ஆள் இடம் காலியாக விட்டு. யாரும் கை தட்டவில்லை. சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தான். ஆட்டம் தொடங்கி எனக்கு ஒன்றும் புரியாமல் விழித்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நட்சத்திரம் போட்டவளைத் தாண்ட விடக்கூடாது. அதான் கோமதி வேலை." மூன்று மாதத்துக்கு மேல் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள்.

இதையெல்லாம் கடிதமாக எழுதி மலருக்குக் கொடுக்கட்டுமா என்று அப்போதே கேட்டேன். "எழுது. என்னைப் பத்தி நீ நெனச்சதையும் சேத்து எழுது" என்றான்.

எழுதிவிட்டேன். செயலாளர் போடுவாரோ மாட்டாரோ.

காயத்தைப் பற்றி நீங்கள் கேட்ட அந்த பெஞ்சில் இப்போது யாரும் உட்காருவதில்லை அண்ணி. உங்கள் இடத்தில் உட்காரச் சொல்லி டெனிஸ் என்னைக் கேட்டார். எனக்கு என்ன தகுதி என்று முதலில் மறுத்தேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் போகப்போகிறேன். காயத்தோடு வருகிறவர்கள் சிரிக்கவும் சிரிப்பார்கள். ஒருத்தியைக்கூடக் கேட்காமல் அனுப்பமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

ஆறு வருஷம் தாமதமாக உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும்,
உங்கள் நாத்தனார்
உமா