கசக்கி அனுப்பிய இலை

ஃபய்யூம், எகிப்து
ஜனவரி 9

கண்மணி இன்ஷிராஹுக்கு,

நீ ஜெர்மனிக்குப் புறப்பட்ட அன்று வாசலில் நின்றவர்கள்: உன் வாப்பா ஃபத்ஹீ, உம்மா அஃபாஃப், கூப்பிடாமலே வந்த என் தங்கை நகாத், பிறகு நான். நகாத் சொன்னது காதிலேயே இருக்கிறது: "அக்கா, புறாக்கூட்டத் தொறந்துவிட்டுட்ட. இனி தானியத்தக் கையில வச்சிக்கிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இரு." அவள் அனுப்பிய பெருநாள் பணியாரத்தை அந்த வருஷம் கோழிக்குப் போட்டேன்.

நீ கேட்ட ஜர்ஜீர்க் கீரையை நிழலில் காயவைத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குழம்பு வைக்க முலூகிய்யாக் கீரை அனுப்புவது போலவே, உள்ளங்கையில் நன்றாகக் கசக்கி அனுப்பியிருக்கிறேன். பச்சையாகத் தின்கிற இதைப் போய் யார் சமைப்பார்கள்? அங்கே பச்சைக் கீரைக்கும் பஞ்சமோ?

பெருநாளைக்கு வந்துவிடு. உன் கட்டிலில் யாரையும் உட்காரக்கூட விடவில்லை.

வாப்பும்மா ரத்தீபா

லைப்சிக்
மார்ச் 2

அன்புள்ள வாப்பும்மா,

பொட்டலத்தைப் பிரித்துச் சிரித்துவிட்டேன். சமைக்கக் கேட்கவில்லை, வாப்பும்மா! புழு கடித்தால் அந்த இலை காரத்தை உண்டாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். அதற்கான நொதி இலைக்குள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நரம்பை ஒட்டிய சில செல்களில் மட்டும் அது அடைந்து கிடக்கிறது. காரமாக மாறவேண்டிய பொருள் வேறு செல்களில். நடுவே சுவர். கடிபட்டு உடைந்தால்தான் இரண்டும் சேரும். நீங்கள் கசக்கியதில் எது எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. பரவாயில்லை, போன மாதம் நானே கெய்ரோச் சந்தையில் வாங்கிய இலை போதும்.

பெருநாளைக்கு வர முடியாது. லீவு இல்லை.

முத்தங்களுடன்
இன்ஷிராஹ்

ஃபய்யூம்
மார்ச் 15

இன்ஷிராஹுக்கு,

போன மாதம் உன் வாப்பாவும் உம்மாவும் பல் வைத்தியரைப் பார்க்கக் கெய்ரோ போனார்கள். உம்மா புதுச் சால்வையோடு திரும்பினாள். "தள்ளுபடில கெடச்சது மாமி" என்றாள். உன் கடிதத்தில் கெய்ரோச் சந்தை என்று படித்த பிறகு அவளிடம் மறுபடி கேட்டேன்.

"ரெண்டே நாள்தான் வந்தா மாமி, அங்க அவளுக்கு ஏதோ கூட்டமாம். ஊருக்கு வந்தா நீங்க அழுது புடிச்சி வச்சிக்குவீங்களாம். சொல்ல வேணாம்னு அவதான் சொன்னா."

ஃபத்ஹீ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அழுதிருப்பேன், உண்மைதான். அழுது முடித்து, சோறு போட்டு, பஸ் ஏற்றியும் விட்டிருப்பேன். நீ ஜெர்மனிக்குப் போன அன்று உன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தது யார்?

ஃபத்ஹீ கோழை, பெற்றவள் நான், பொறுத்துக்கொண்டேன். அஃபாஃப் வேறு வீட்டுப் பெண். நகாத் வாய் பொல்லாதது, ஆனால் என்னிடம் பொய் சொன்னதில்லை. மூவரையும் மன்னித்தாயிற்று. கட்டிலை நேற்று அண்டை வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

மன்னிக்காதது ஒருத்தியை மட்டும். என் எழுத்துக் கோணல், உனக்குப் புரியாமல் போய்விடக்கூடாது என்று நிறுத்தி எழுதுகிறேன்: இன்ஷிராஹ்.